இப்போது என்ன கேட்கிறீர்கள், ஏன்? பிடித்த இசையை இன்னொருவர் காதில் சேர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிடித்த பாட்டின் இணைப்பை அனுப்பி, கூடவே "செம பாட்டு, கேட்டுப் பாரு" என்று ஒரு வரி போடுகிறோம். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டைவிரல் வருகிறது. பெரும்பாலும் அத்தோடு சரி. அனுப்பியவருக்கு அதில் எது பிடித்தது, எந்த இடத்தில் மனம் நின்றது, கேட்பவர் எதைக் கவனிக்க வேண்டும் என்ற எதுவும் அந்த வரியில் கிடையாது.

பாட்டின் பெயரைச் சொல்வது பகிர்வதில் பாதிகூட ஆகாது என்பதுதான் என் எண்ணம். அந்தப் பாட்டுக்குள் ஓர் இடத்தை விரல் வைத்துக் காட்டி, அங்கே என்ன நடக்கிறது, அது உங்களை என்ன செய்கிறது என்று சொன்னால்தான் அடுத்தவர் காது திறக்கும். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுக்கு, நான் இப்போது விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் நாதஸ்வரத்தையே எடுத்துக்கொள்கிறேன். பகிர்வதற்கு இதைவிடக் கடினமான இசை நம்மிடம் குறைவு. கல்யாண மண்டபத்தில் எல்லோர் காதிலும் விழுந்திருக்கிறது, ஆனால் உட்கார்ந்து கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். "தெரிந்ததுதானே" என்று நினைப்பவரை மறுபடி கேட்க வைப்பது, தெரியாதவரைக் கேட்க வைப்பதைவிடச் சிரமம். உங்களுக்குப் பிடித்தது கானாவாக இருக்கலாம், ராப்பாக இருக்கலாம், பழைய சினிமாப் பாட்டாக இருக்கலாம். படிகள் இவைதான்.

முதல் படி: உண்மையில் எதைக் கேட்கிறீர்கள் என்று பாருங்கள்

"உங்களுக்குப் பிடித்த இசை எது?" என்று கேட்டால், பல வருடங்களுக்கு முன் முடிவு செய்து வைத்த பதில்தான் நம் வாயில் வரும். இந்த மாதம் கேட்டது வேறாக இருக்கும். யூடியூபிலோ ஸ்பாட்டிஃபையிலோ நீங்கள் கேட்டவற்றின் வரலாறு இருக்கிறது, திறந்து பாருங்கள். தானாக அடுத்தடுத்து ஓடியவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எதை நீங்களே தேடிப் போய் இரண்டாம் முறை போட்டீர்கள்? அதுதான் இப்போது உங்கள் இசை.

என் வரலாற்றைத் திறந்தால் நாதஸ்வர வித்வான்கள் மூன்று பேர் திரும்பத் திரும்ப வருகிறார்கள்: திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை, காருகுறிச்சி அருணாசலம், ஷேக் சின்ன மௌலானா. மூவர் மேலும் எனக்கு ஆசை இருந்தாலும் ஒருவருக்கு அனுப்பும்போது ஒன்றை மட்டும்தான் அனுப்புவேன். மூன்று இணைப்புகள் ஒன்றாகப் போனால், "அப்புறம் கேட்கலாம்" என்று மூன்றும் ஒதுக்கப்படும். ஒன்று போனால் சாப்பிடும்போதாவது போட்டுப் பார்ப்பார்கள்.

இரண்டாம் படி: இடத்தைக் கண்டுபிடியுங்கள்

தேர்ந்தெடுத்ததை ஒரு முறை எந்த வேலையும் செய்யாமல் கேளுங்கள். இரண்டாம் முறை கையில் பேனாவோடு கேளுங்கள். உடம்பில் ஏதாவது நடக்கும் இடம் வரும்: மூச்சு கொஞ்சம் நிற்கும், தலை தானாக ஆடும், "அடடா" என்று வாய் முணுமுணுக்கும். அந்த நிமிடத்தையும் நொடியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு அந்த இடத்திலிருந்து ஒரு நிமிடமாவது பின்னே போய்க் கேளுங்கள். இது மிக முக்கியம். இசையில் ஓர் இடம் நம்மைத் தொடுகிறது என்றால் அதற்கு முன்பே அதற்கான ஏற்பாடு நடந்திருக்கும். ராக ஆலாபனையில், அதாவது பாட்டு வரி இல்லாமல் ராகத்தை மட்டும் விரிக்கும்போது, நாதஸ்வரக்காரர் மேல் ஸட்ஜத்தில் (மேல் 'ஸ') போய் அதை நீட்டி, நீண்ட கார்வை பிடித்து நிற்கும்போது நமக்குச் சிலிர்க்கிறது. ஆனால் அதற்கு முன் அவர் அதற்கு ஒரு படி கீழே உள்ள நிஷாதம் ('நி') வரை வருவதும், தொடாமல் திரும்புவதும், மறுபடி வருவதுமாக நம்மைக் காக்க வைத்திருப்பார். காத்திருப்பை விட்டுவிட்டு உச்சியை மட்டும் வெட்டி அனுப்பினால், கேட்பவருக்கு அது வெறும் சத்தமான ஒரு ஸ்வரம். எனவே "இங்கே தொடங்கு, இது வரை கேள்" என்று இரண்டு குறிப்பு கொடுங்கள்.

ஒரே கச்சேரி பல பேரால் பதிவேற்றப்பட்டிருக்கும், நேரக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். அதனால் நிமிடத்தோடு ஓர் அடையாளமும் சொல்லுங்கள். "தவில் நின்றதும் வரும் இடம்", "இரண்டாவது நாயனம் ஒரே ஸ்வரத்தில் நின்றுகொண்டிருக்க, முதல் நாயனம் மட்டும் கீழிறங்கி வரும் இடம்" என்கிற மாதிரி (நாயனம் என்பதும் நாதஸ்வரம்தான்). இசை படிக்காதவருக்கும் இது பிடிபடும்.

மூன்றாம் படி: ஏன்?

பலரும் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். இனிமை, அற்புதம், தெய்வீகம், வேற லெவல் ஆகிய நான்கையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். அவை பொய் என்று சொல்லவில்லை. எந்தப் பாட்டுக்கும் பொருந்துகிற சொல் உங்கள் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதற்குப் பதில், அங்கே என்ன நடக்கிறது என்பதை வினைச்சொற்களில் எழுதிப் பாருங்கள். ஏறுகிறது, தயங்குகிறது, வழுக்குகிறது, குத்தி நிறுத்துகிறது, விட்டுப் பிடிக்கிறது. இப்படி எழுதத் தொடங்கினாலே காரணம் தானாக வெளியே வரும்.

காரணங்கள் பல இடங்களிலிருந்து வரலாம். எனக்கு நாதஸ்வரத்தில் முதல் காரணம் அந்த ஒலி எப்படி உண்டாகிறது என்பதே. வாயில் வைத்து ஊதும் சீவாளி நாணல் வகைத் தட்டையில் செய்தது. அது கெண்டையில் செருகப்பட்டு, உலவு என்னும் நீண்ட மரக்குழலில் பொருந்தும். அடியில் விரிந்த அணசு. உலவு ஆச்சா மரத்தில் செய்யப்படுகிறது. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் இதைச் செய்பவர்கள், பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் நன்றாகக் காய்ந்த ஆச்சாவைத் தேடி வாங்குகிறார்கள். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு காலத்தில் யார் வீட்டு உத்தரமாகவோ கிடந்த மரம் தோடி ராகம் வாசிக்கிறது என்று தெரிந்த பிறகு அந்த ஒலியை என்னால் பழைய மாதிரி கேட்க முடியவில்லை.

விரல் வைக்க மேலே ஏழு துளைகள்தான். ஆனால் துளையை மூடித் திறப்பதால் மட்டும் ஸ்வரம் வந்துவிடாது. உதட்டின் அழுத்தமும் மூச்சின் வேகமும் கொஞ்சம் மாறினாலும் ஸ்வரம் நகர்ந்துவிடும். அதனால் ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் என்பது பாதி விரலிலும் பாதி மூச்சிலும் நடக்கிறது. நாக்கால் சீவாளியைத் தொட்டுத் தொட்டு ஸ்வரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வாசிப்பதைத் துத்துகாரம் என்பார்கள். நாக்கைத் தொடாமல் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போவது அகாரம். இந்த இரண்டையும் காது பிரித்து அறிந்துகொண்டால் போதும், நாதஸ்வரம் கேட்கும் அனுபவமே மாறிவிடும். யாருக்காவது நாதஸ்வரத்தை அறிமுகம் செய்யும்போது நான் ராகப் பெயர் சொல்வதற்கு முன் இதைத்தான் சொல்கிறேன்: "எங்கே குத்திக் குத்திப் போகிறது, எங்கே வழுக்கிப் போகிறது, அதை மட்டும் கவனி."

அடுத்த காரணம் அமைப்பு. தோடியை எடுத்துக்கொள்வோம். மேளகர்த்தா என்னும் தாய் ராகங்களின் வரிசையில் எட்டாவது. அதன் காந்தாரம் ('க') ஓர் இடத்தில் நிற்காது, அசைந்துகொண்டே இருக்கும். பஞ்சமத்தை ('ப') வேண்டுமென்றே தாண்டிப் போகும் பிடிகள் (ராகத்தின் சின்னச் சின்ன சொற்றொடர்கள்) தோடியில் நிறைய உண்டு, அப்போது காலடியில் தரை இல்லாத உணர்வு வரும். பிறகு எப்போதாவது பஞ்சமத்தில் வந்து நிற்கும்போது நமக்கே மூச்சு வருகிறது. ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இவ்வளவு பேசப்படுவதற்கு அந்த அசைவையும் அந்தத் தாண்டலையும் அவர் கையாண்ட விதம்தான் காரணம் என்று நினைக்கிறேன். மணிக்கணக்கில் தோடி வாசித்தவர் என்று பெயரெடுத்த அவர், 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சில நிமிடங்களே கிடைத்த காலத்திலும் அதே ராகத்தைப் பதிந்திருக்கிறார். அந்தக் குறுகிய பதிவில் ஒரு பிடிகூட வீணாகவில்லை. புதிதாகக் கேட்பவருக்குத் தோடி அனுப்ப வேண்டுமென்றால் நான் அந்தச் சிறிய பதிவைத்தான் அனுப்புவேன், நீண்ட கச்சேரிப் பதிவை அனுப்ப மாட்டேன்.

மூன்றாவது, மனிதர். ராஜரத்தினம் பிள்ளை 1898-ல் பிறந்து 1956-ல் மறைந்தார். முன்பு புழக்கத்தில் இருந்தது திமிரி என்னும் குட்டையான, சுருதி கூடிய நாதஸ்வரம். அதில் சுத்த மத்யமம் ('ம' ஸ்வரத்தின் கீழ் வகை) சரியாகப் பேசாது. அதைச் சரிசெய்து நீளமான, சுருதி குறைந்த பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்ததில் அவருக்கும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரிக்கும் பங்கு உண்டு. இன்று மேடைகளில் நாம் கேட்கும் கனத்த குரல் அந்தப் பாரியினுடையது. வாசிப்பவரும் செய்பவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரு ஸ்வரத்துக்காகக் கருவியையே மாற்றியிருக்கிறார்கள். தோடியில் வருவதும் அந்தச் சுத்த மத்யமம்தான் என்பதை நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

காருகுறிச்சி அருணாசலம் அவருடைய சீடர். 1921-ல் பிறந்து 1964-லேயே போய்விட்டார். குருவின் வாசிப்பில் ஒரு மிடுக்கு, "வா, வந்து கேள்" என்கிற அதிகாரம் இருக்கும். சீடரிடம் குழைவு அதிகம். ஸ்வரத்தை அவர் அழுத்துவதில்லை, ஏந்திக்கொள்கிறார். இருவரையும் அடுத்தடுத்துக் கேட்டால் இந்த வேறுபாடு யாருக்கும் தெரியும். என் மனம் இப்போது காருகுறிச்சி பக்கம் சாய்ந்திருக்கிறது, அதைச் சொல்லவும் எனக்குத் தயக்கமில்லை. பகிரும்போது உங்கள் சாய்வையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். "இருவரும் பெரியவர்கள்" என்று சொல்லி ஒதுங்கினால் கேட்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது.

நினைவும் ஒரு காரணம்தான். தாத்தா வீட்டுத் தெருவில் சாமி புறப்பாட்டின்போது கேட்ட மல்லாரி என்றால் அதையும் சொல்லுங்கள். ஆனால் நினைவை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். உங்கள் தாத்தா வீட்டுத் தெரு கேட்பவருக்குத் தெரியாது. மல்லாரி பாட்டு வரிகள் இல்லாதது, கம்பீர நாட்டை ராகத்தில் வாசிப்பது, சாமி புறப்படும்போது ஒலிப்பது, ஒரே அமைப்பை வேகம் மாற்றி மாற்றி வாசிப்பது என்று சேர்த்துச் சொன்னால் அவருக்கும் உள்ளே வர ஒரு வாசல் கிடைக்கும்.

நான்காம் படி: பெயர்களைச் சரிபாருங்கள்

இணையத்தில் ராகப் பெயரும் வாசித்தவர் பெயரும் தப்பாக ஒட்டப்பட்ட பதிவுகள் ஏராளம். நீங்கள் பகிரும்போது அந்தத் தப்பு உங்கள் பெயரில் பயணம் செய்யும். ராகம் உறுதியாகத் தெரியவில்லையா, எழுத வேண்டாம். "மெதுவாகத் தொடங்கி இறங்கி இறங்கி வரும் ராகம்" என்று எழுதினால் யாருக்கும் நஷ்டமில்லை.

முகம் தெரியாமல் போனவர்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள். 1962-ல் வந்த கொஞ்சும் சலங்கை படத்தில் ஆபேரி ராகத்தில் அமைந்த "சிங்கார வேலனே தேவா" பாட்டைப் பலருக்குத் தெரியும். திரையில் வாசிப்பவர் ஜெமினி கணேசன், பாடுபவர் சாவித்திரி. உண்மையில் மூச்சு காருகுறிச்சியுடையது, குரல் எஸ். ஜானகியுடையது, இசை எஸ்.எம். சுப்பையா நாயுடு. 1968-ன் தில்லானா மோகனாம்பாளிலும் அப்படித்தான்: சிவாஜியின் விரல்களுக்கு ஒலி கொடுத்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்.

அதைவிடவும் அதிகமாக விடுபடுவது தவில்காரர் பெயர். நாதஸ்வரக் கச்சேரி என்பது இரண்டு வகை ஒலிகளின் பேச்சு. தவில்காரருக்கு ஒரு கையில் பூவரசங் குச்சி, மறு கை விரல்களில் கூடு என்னும் கெட்டியான உறை, நடுவே பலா மரத்தில் குடைந்த உடல். ஆலாபனையின் இடைவெளிகளில்கூடத் தவில் புகுந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும், அந்த இடங்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, யாழ்ப்பாணம் வி. தட்சிணாமூர்த்தி, வலையப்பட்டி ஏ.ஆர். சுப்பிரமணியம், ஹரித்துவாரமங்கலம் ஏ.கே. பழனிவேல் போன்ற பெயர்கள் பதிவின் தலைப்பில் இருந்தால் அதையும் சேர்த்து எழுதுங்கள். தட்சிணாமூர்த்தி 1975-ல் மறைந்தபோது அவருக்கு நாற்பத்து சொச்சம் வயதுதான். தவில் பற்றி எதுவுமே தெரியாத ஒருவருக்கும் அவர் வாசிப்பில் சொற்கள் எவ்வளவு வேகத்திலும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளிவாக விழுவது கேட்கும்.

ஐந்தாம் படி: யாருக்கு அனுப்புகிறீர்கள்?

ஒரே இசைக்குப் பல வாசல்கள். ஆளைப் பார்த்து வாசலைத் தேர்ந்தெடுங்கள்.

சினிமாப் பாட்டு மட்டும் கேட்பவருக்குச் சிங்கார வேலனே சரியான தொடக்கம். பாட்டின் பின்பகுதியில் ஜானகியின் குரலும் நாயனமும் ஸ்வரங்களை மாற்றி மாற்றி வாங்கிக்கொள்ளும் இடத்தைக் காட்டுங்கள். ஓர் ஆள் முடிக்கும் இடத்தில் மற்றவர் எப்படி ஒட்டிக்கொள்கிறார் என்று கேட்கச் சொல்லுங்கள்.

கர்நாடக வாய்ப்பாட்டு கேட்டுப் பழகியவருக்கு ஷேக் சின்ன மௌலானா. ஆந்திரத்தின் கரவதியில் பிறந்தவர், நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைக் கற்றார், பிறகு ஸ்ரீரங்கத்திலேயே குடியேறிவிட்டார். 1998-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருடைய நாயனம் பாடுவது மாதிரியே இருக்கும், கீர்த்தனையின் சாகித்யம் (பாட்டு வரிகள்) தெரிந்தவர் கூடவே வரியை முணுமுணுத்துக்கொண்டு போகலாம். "நாதஸ்வரம் என்றாலே சத்தம்" என்று சொல்லும் ரசிகர்களுக்கு நான் வைத்திருக்கும் பதில் இவர்தான்.

தாளத்தில் ஆசை உள்ள இளைஞருக்கு, அவர் ஹிப்ஹாப் கேட்பவராக இருந்தாலும், மல்லாரியும் தனித் தவிலும் போதும். கணக்கில் மயங்குகிறவர் தானாக மற்றதற்கும் வருவார். செம்பொன்னார்கோயில் மரபில் வந்த ரக்தி மேளம் என்ற ஒன்று உண்டு. பாட்டு வரி எதுவும் இல்லாமல், தாளத்துக்குள் ராகப் பிடிகளைப் பல வேகங்களில் விரித்துக்கொண்டே போவது. முதல் நாளிலேயே அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் திரும்பி வந்து "இன்னும் இருக்கா?" என்று கேட்டால் இதைத் தயாராக வைத்திருங்கள்.

இசை என்றாலே பெண்கள் வாசித்ததைத் தேடிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மதுரை எம்.எஸ். பொன்னுத்தாயை அவர்களுக்குச் சொல்லுங்கள். பெண்கள் இந்தக் கருவியைத் தொடுவதே அபூர்வமாக இருந்த காலத்தில் மேடையேறியவர். இன்று காலிஷாபி மகபூப், கணவர் ஷேக் மகபூப் சுபானியோடு இணைந்து வாசிக்கிறார். இருவரும் 2020-ல் பத்மஸ்ரீ பெற்றவர்கள்.

யாழ்ப்பாணத்து உறவினர்களுக்கு நாம் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, அவர்களிடம் நாம் கேட்டு வாங்க வேண்டும். நாதஸ்வர வித்வான் அளவெட்டி என்.கே. பத்மநாதன் பற்றி அந்தப் பக்கத்துப் பெரியவர் ஒருவரிடம் பேச்செடுத்துப் பாருங்கள்.

ஆறாம் படி: எழுதுங்கள்

சொல்ல வேண்டியவை இவ்வளவுதான்: யார், எது, எங்கிருந்து எது வரை, அங்கே என்ன நடக்கிறது, எனக்கு ஏன். ஐந்தும் ஒரு சின்ன செய்தியில் அடங்கிவிடும். வயதில் மூத்த ஒருவருக்கு இப்படி எழுதலாம்:

"மாமா, நேற்றிலிருந்து சிங்கார வேலனே பாட்டையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த பாட்டுதான். ஆனால் இந்தத் தடவை ஜானகி அம்மா பாடுவதை விட்டுவிட்டு நாயனத்தை மட்டும் கேளுங்கள். அவர் ஒரு வரி முடித்ததும் காருகுறிச்சி அதை அப்படியே திருப்பிச் சொல்லாமல், கடைசி ஸ்வரத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டுத்தான் தொடங்குகிறார். எனக்கு அந்த அசைவு ஒன்றே போதும். ராத்திரி சாப்பிட்ட பிறகு சாவகாசமாகக் கேளுங்கள் மாமா. நீங்கள் நேரில் கேட்ட வித்வான்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்."

கூடப் படித்த நண்பனுக்கு வேறு மாதிரி:

"டேய், அஞ்சு நிமிஷம் ஒதுக்கு. இணைப்பு கீழே. இது மல்லாரி, கோயில்ல சாமி கிளம்பும்போது வாசிக்கிறது. பாட்டு கிடையாது, வரி கிடையாது. முதல்ல மெதுவா வர்ற அதே விஷயம் அப்புறம் வேகமா வரும், தாளம் மட்டும் மாறாது. எந்த இடத்துல வேகம் மாறுதுன்னு கண்டுபிடிச்சு எனக்கு எழுது. நான் மூணு இடம் பிடிச்சேன்."

இரண்டிலும் ஒரு சின்ன வேலை கொடுத்திருப்பதைப் பாருங்கள். "நாயனத்தை மட்டும் கேளுங்கள்", "வேகம் மாறும் இடத்தைக் கண்டுபிடி." செய்ய ஒரு வேலை இருந்தால் காது கூர்மையாகிறது. நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதைவிடத் தனியாக ஒருவருக்கு அனுப்புவது பல மடங்கு பலன் தரும். குழுவில் போட்டதை "யாராவது கேட்பார்கள்" என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குரல்பதிவாகச் சொல்வதும் நல்ல வழி. அந்தப் பிடியை நீங்களே முனகிக் காட்டலாம், சுருதி விலகினாலும் பரவாயில்லை, எந்த இடத்தைச் சொல்கிறீர்கள் என்று எழுத்தைவிடச் சீக்கிரம் புரியும்.

ஏழாம் படி: எதில் கேட்பது என்றும் சொல்லுங்கள்

நாதஸ்வரம் திறந்த வெளிக்கான கருவி. கோயில் வீதியில் ஊதினால் பல தெரு தாண்டிக் கேட்க வேண்டும் என்று செய்யப்பட்டது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் போட்டால் அதன் கீழ்ப் பகுதி முழுக்கக் காணாமல் போய்க் கீச்சென்ற மேல்பகுதி மட்டும் மிஞ்சும். தவிலின் தொப்பிப் பக்கம் (கனத்த ஒலி தரும் பக்கம்) ஏறக்குறைய கேட்கவே கேட்காது. அதைக் கேட்டுவிட்டு "எனக்கு நாதஸ்வரம் ஒத்துக்கொள்ளாது" என்று ஒருவர் சொன்னால் அவர் மேல் குற்றமில்லை.

என் பரிந்துரை: கொஞ்சம் பெரிய ஒலிபெருக்கி, மிதமான சத்தம், ஒலிபெருக்கி ஓர் அறையில், கேட்பவர் அடுத்த அறையில். காதுக்குள் செருகும் கருவியில் கேட்பதானால் சத்தத்தை நன்றாகக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய இசைத்தட்டுப் பதிவுகளில் சரசரவென்று இரைச்சல் இருக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அரை நிமிடத்தில் காது அதை மறந்துவிடும். நேரமும் முக்கியம். விடியலுக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி என்று கோயில் மரபே பொழுது பார்த்துத்தான் ராகம் வைத்திருக்கிறது. இரவில் கேட்க வேண்டியதைக் காலை அவசரத்தில் அனுப்பாதீர்கள்.

இது நாதஸ்வரத்துக்கு மட்டும் இல்லை. பேஸ் அதிகமுள்ள பாட்டை அனுப்புகிறீர்களா, ஹெட்ஃபோனில் கேட்கச் சொல்லுங்கள். பேருந்தில் கேட்கத்தான் நன்றாக இருக்கும் என்றால் அதையும் எழுதுங்கள்.

எட்டாம் படி: அனுப்பிய பிறகு

"கேட்டியா? கேட்டியா?" என்று விரட்ட வேண்டாம். ஒருவர் கேட்காமலே விட்டால் அவருக்கு இப்போது வேறு இசை ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். "அவ்வளவு பிடிக்கவில்லை" என்று பதில் வந்தால் அதை நல்ல பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள், அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். எந்த இடத்தில் சலித்தது என்று கேளுங்கள். "ரொம்ப நேரம் ஒரே இடத்தில் சுற்றுகிறது" என்றால் ஆலாபனை நீளம் என்று பொருள், அடுத்த முறை கீர்த்தனையோ, துக்கடா என்னும் சின்ன உருப்படியோ அனுப்பலாம். "காது வலிக்கிறது" என்றால் ஏழாம் படிக்குப் போங்கள்.

அப்புறம், நீங்களும் கேட்க வேண்டும். பதிலுக்கு அவர் அனுப்பும் பாட்டை, அது உங்களுக்குப் பழக்கமே இல்லாத வகையாக இருந்தாலும், முழுதாகக் கேட்டு ஓர் இடத்தைக் குறிப்பிட்டு எழுதுங்கள். "இரண்டாவது சரணத்துக்கு முன்னால் தாளம் நின்றுவிட்டுத் திரும்ப வருதே, அது நன்றாயிருந்தது" என்று நீங்கள் எழுதினால், அடுத்த முறை அவரும் அப்படியே எழுதுவார்.

ஒன்பதாம் படி: நேரில் கூட்டிப் போங்கள்

பதிவில் பிடித்துப்போனவரை நேரில் கேட்க வைப்பதுதான் அடுத்தது. சிதம்பரத்தில் மார்கழித் தேர், ஆனித் தேர் இரண்டிலும் மல்லாரி கேட்கலாம். திருவையாற்றில் பெரும்பாலும் ஜனவரியில் நடக்கும் தியாகராஜ ஆராதனை மங்கள இசையோடுதான் தொடங்கும். இவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் பக்கத்துக் கோயிலில் பிரம்மோற்சவம் எப்போது என்று விசாரித்து வைத்துக்கொள்ளலாம். முகூர்த்தத்துக்கு முன்பே மண்டபத்துக்குப் போய்விட்டால், கூட்டம் சேருவதற்குள் வித்வான்கள் நிதானமாக ஒரு ராகத்தை எடுப்பதைக் கேட்க வாய்ப்பு உண்டு.

நாயனத்துக்கு நேர் எதிரே போய் நிற்காதீர்கள். பத்துப் பதினைந்து அடி தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் நின்றால் நாயனமும் தவிலும் சமமாக வந்து சேரும். கூட வந்தவரிடம் வாசிக்கும்போது எதுவும் விளக்க வேண்டாம், சொல்ல வேண்டியதை வழியிலேயே சொல்லி முடித்துவிடுங்கள். வாசித்து முடித்து வித்வான் சீவாளியைக் கழற்றித் துடைக்கும் நேரத்தில், தயங்காமல் போய், "ஐயா, கடைசியாக வாசித்தது என்ன ராகம்?" என்று கேளுங்கள். சந்தோஷமாகச் சொல்வார்கள். தவில் வாசித்தவர் பெயரையும் அப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.